தேக்குக் கதவும் ஆளிவிதை எண்ணெயும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீண்டு செல்லும் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயத்தைத் தாங்கி நிற்கும் மணப்பாட்டில், செப்டம்பர் மாதம் பிறந்தால் திருவிழா. பதினான்காம் தேதித் திருநாளுக்கு வெளியூர்களிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் உற்றார் உறவினர் வந்து சேருவதற்கு முன்னால் வீட்டைப் புதுக்கிவிட வேண்டும் என்ற ஆசை ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுவது இயல்பே. சுவருக்குச் சுண்ணாம்பு, தூணுக்குச் சாயம், கதவுக்கு எனாமல் என்று வேலை கிரமமாக நடந்தேறுகிறது. சுவரைப் பற்றி எனக்கு யாதொரு வழக்கும் இல்லை. ஆனால், கொழும்பு வாணிபத்தில் பொருளீட்டிய முன்னோர் தம் செல்வத்துக்கும் குலப் பெருமைக்கும் அடையாளமாக எழுப்பி வைத்த பெரிய வீடுகளில், தலைமுறை தலைமுறையாக உப்புக்காற்றை எதிர்த்து நிற்கும் தேக்குக் கதவுகளின்மேல், ஆண்டுக்கொரு நிறமாக எனாமலையோ, புதிய நாகரிகம் என்ற பெயரால் பளபளக்கும் பி.யு. பாலிஷையோ அப்பி மூடுவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியமே ஆயினும், பெரும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம். அந்தக் கதவுகளுக்கு வேண்டியது எண்ணெய். அதையும் கூலிக்கு ஆள் வைத்துப் பூசுவதைவிட, வீட்டுக்குரியவர் தம் கையாலேயே தேய்ப்பது உத்தமம்.

அந்த ஊரின் தலைவாசற் கதவு ஒன்றைச் சுரண்டும்போது அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேலே வெளிர்நீலம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே காவி என்று பூச்சின்மேல் பூச்சு. வயது முதிர்ந்த ஆசாரி உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பை மரத்தின் ரேகையோடு இழுக்க இழுக்க, அவை சுருள் சுருளாக எழுந்து காலடியில் விழுந்தன. தாழ்ப்பாளின் பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. வெளிறு கலந்திருந்த கீழ்ச்சட்டத்தில், மழைநீர் தெறிக்கும் உயரம் வரையில் பூச்சு கொப்பளித்து நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே நெகிழ்ந்தது. அந்த இடத்தைத் திறந்தபோது மரம் கறுத்துப் பஞ்சாகியிருக்கக் கண்டோம். அதற்கு அரை அடிக்கு மேலே, வைரம் பாய்ந்த பகுதியிலோ, உளி முனை வழுக்கும் உறுதியோடு, பொன் கலந்த பழுப்பு நிறத்தில், பதனிட்ட தோலை நினைவூட்டும் மணத்தோடு, தச்சன் கை விட்ட நாளில் இருந்தபடியே தேக்கு இருந்தது. பூச்சு மரத்தைக் காக்கவில்லை. சந்துகளின் வழியே புகுந்த ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து வைத்து, அது அழுகுவதற்கே துணை செய்தது. வெளியே பார்த்தவர்களுக்கு அக்கதவு ஆண்டு தோறும் புதிதாகத் தோன்றியிருக்கும்.

எண்ணெயால் மரத்தைக் காப்பது இக்கரைக்குப் புதிய வித்தை அன்று. தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அதற்கு முன் முத்துப் பார்களை நோக்கிச் சென்ற வள்ளங்களும், சங்கு குளிக்கச் சென்றவையும், மீன்பிடிக்கச் சென்றவையும் ஓடாவிமார் கையால் அயினி முதலிய மரங்களில் கட்டப்பட்டவை. பலகைச் சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைத்துக் கலப்பத்துப் பார்த்து, சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயையும் சாளை எண்ணெயையும் பலகைகளுக்குப் பருவந்தோறும் பூசி வைப்பது கடலோடிகளின் நித்திய தர்மங்களில் ஒன்றாக இருந்தது. அந்த வாடையைச் சகித்துக்கொள்ள மாட்டாமல் முகம் சுளித்தவர்கள் உண்டு; அந்த வாடையில்லாத வள்ளத்தை நம்பிக் கடலில் இறங்கியவர் இல்லை. பின்னர் ஃபைபர் படகு வந்தது. மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்த அது, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்துக் கலங்களை வாரிச் சென்ற பிறகு, நிவாரணமாகவே ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியது. உயிரையும் தொழிலையும் இழந்து நின்ற மக்களுக்கு அது செய்த உபகாரத்தை நான் குறைத்துச் சொல்லேன். ஆயினும், ஓடாவியின் கைவேலையும் எண்ணெய்க் குடமும் கரையை விட்டு அகன்றபோது, மரத்துக்கு என்ன வேண்டும் என்று அறிந்திருந்த ஒரு ஜனசமூகத்தின் கையறிவும் கூடவே அகன்றது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளை அண்டியே அந்த அறிவு இன்று ஒதுங்கி வாழ்கிறது.

கடற்கரைக்கு வெளியே, மரத்துக்கு எண்ணெய் தேய்க்கும் சாஸ்திரத்தைப் பிசகின்றிக் காத்து வந்தவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் என்று சொன்னால் வாசகர் வியக்கலாம். இரண்டு உலக யுத்தங்களிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் தோளில் சுமந்ததும், வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டதும், உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தோடு விடை கொடுத்து அனுப்பியதுமான .303 ரைபிளின் மரக்கட்டைக்கு வார்னிஷ் கிடையாது. பச்சை ஆளிவிதை எண்ணெயில் ஊற வைத்து, பின் சிப்பாயே தன் கையால் அதே எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பராமரித்து வர வேண்டும் என்பதே விதி. இதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. பளபளக்கும் கட்டை வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக் கொடுக்கும். வார்னிஷ் மழையிலும் வெப்பத்திலும் கொப்பளித்து உரிந்தால் போர்முனையில் அதைச் செப்பனிட வழியில்லை. எண்ணெய் குறைந்த கட்டைக்கோ, ஒரு துணிக் கந்தலும் ஒரு மூடி எண்ணெயும் கால் மணி நேர அவகாசமும் போதும். வால்நட் மரத்தில் வேட்டைத் துப்பாக்கிக்குக் கட்டை செய்த ஐரோப்பியக் கைவினைஞர்களிடையே ஒரு சம்பிரதாயம் வழங்கிற்று: முதல் வாரத்தில் நாள்தோறும், முதல் மாதத்தில் வாரந்தோறும், முதல் ஆண்டில் மாதந்தோறும், அதன் பின் ஆயுள் உள்ளவரை ஆண்டுக்கொரு முறை எண்ணெய் தேய்க்க வேண்டும் என்பது அது. தென் மாவட்டங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய பெரியவர்கள் சிலர், தம் வீட்டுச் சாய்வு நாற்காலியின் கைகளையும் இதே முறையில் தேய்த்து, தொட்டால் பட்டின் வழவழப்போடு வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் தடவிக் காய வைத்த சிறுவர்களும் அறியாமலே இதே பரம்பரையைச் சேர்ந்தவர்கள்தாம்.

பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை முறையான உரிமத்தோடு வைத்து, தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றுவரும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கட்டைகளில் பல, கையால் பிடித்துக் குறிவைக்கும் மெல்லிய இடுப்புப் பகுதியில் கறுத்தும் மெத்திட்டும் போயிருப்பதற்குக் காரணம், இரும்புப் பாகத்துக்கு விடும் இயந்திர எண்ணெய் பல்லாண்டுகளாகக் கீழே வடிந்து மரத்துக்குள் இறங்கியதே. உலராத அந்த எண்ணெயைச் சுண்ணாம்புத்தூளும் ஸ்பிரிட்டும் குழைத்துப் பற்றுப் போட்டு உறிஞ்சி எடுத்த பிறகே ஆளிவிதை எண்ணெய் மரத்தில் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயோ, விசை இருக்கும் இடத்தில் புகுந்தால் பிசினாக இறுகிக் கருவியைக் கெடுக்கும். ஆகையால் அது மரத்தோடு நிற்க வேண்டும். குழலில் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பின்பே எதையும் தொட வேண்டும். கட்டை பிளந்திருந்தால் வீட்டில் ஒட்ட முயல வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும், அத்தகையவரிடம் கொண்டு செல்வதே முறை.

எந்த எண்ணெயும் எண்ணெய்தானே, அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவினால் ஆகாதா என்று கேட்பவர் பலர். ஆகாது. எண்ணெய்களில் சில, காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, தம் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, திரவ நிலை நீங்கிக் கெட்டிப்படும் சுபாவம் உடையவை. அவற்றில் தலையாயது ஆளிவிதை எண்ணெய். அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு லினோலெனிக் அமிலமாக இருப்பதே இந்த குணத்துக்குக் காரணம். இந்தச் சுபாவத்தை அளந்து சொல்ல ரசாயன நூலார் அயோடின் எண் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்: ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல்; நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டி; தேங்காய் எண்ணெய்க்கோ 10ஐ ஒட்டியே நிற்கும். ஈரத்துணி காய்வதைப் போன்றதன்று இந்த உலர்ச்சி. உலர உலர எண்ணெயின் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பிய ஓவியர்கள் இதே எண்ணெயில் வண்ணம் குழைத்துத் தீட்டிய படங்கள் இன்றும் நிலைத்திருப்பது இந்த குணத்தினால்தான். தேங்காய் எண்ணெய் தடவிய கதவு அன்றைக்கு மெருகோடு தோன்றும். ஆனால் அது என்றும் உலராது. தெருப் புழுதியையும் கடற்கரை மணலையும் இழுத்துப் பிடித்துக் கொண்டு, சிக்கு நாற்றம் வீசும் கரிய அழுக்காக மாறும். நெய்தல் நிலத்துக்கே உரிய புன்னையின் எண்ணெய் விளக்குக்கும் படகுக்கும் பயன்பட்டதுண்டு. வீட்டுக் கதவுக்கு அதுவும் போதிய அளவு கெட்டிப்படாது. நம் முன்னோர் சாளை எண்ணெயை வள்ளத்துக்குத் தேர்ந்ததன் நுட்பம் இங்கே விளங்கும்: அதுவும் காற்றில் இறுகும் இனத்தைச் சேர்ந்தது. வீட்டுக்குள் அதை வைத்து வாழ முடியாது என்பது ஒன்றே அதன் குறை.

கடையில் கிடைப்பது இருவகை. பச்சை எண்ணெய் ஒன்று. டபுள் பாயில்டு என்ற பெயரில், கோபால்ட், மாங்கனீசு முதலிய உலோக உப்புகள் சேர்த்து விரைவில் உலரும்படி செய்தது மற்றொன்று. பின்னது ஒரு நாளில் உலரும். முன்னது கடற்கரை ஈரத்தில் ஒரு வாரமும் எடுத்துக்கொள்ளக்கூடும். பொறுமை உள்ளவர்களுக்குப் பச்சை எண்ணெயையே நான் சிபாரிசு செய்வேன். அது மரத்துக்குள் நன்றாக இறங்குகிறது. முதல் முறையாகச் செய்பவர்களுக்கு மற்றது சௌகரியம்.

இனி வேலைக்கு வருவோம். பழைய பூச்சைச் சுரண்டியும் உப்புத்தாளால் தேய்த்தும் நீக்கும்போது கை எப்போதும் மரத்தின் ரேகையோடு செல்ல வேண்டும். குறுக்கே சென்ற ஒரு கீறல், எண்ணெய் பட்டதும் பத்து மடங்காகத் தெரியும். பழங்காலத்து எனாமலில் ஈயம் கலந்திருந்ததாகையால், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்காமல் நனைத்துச் சுரண்டுவதும், மூக்கை மூடிக்கொள்வதும், குழந்தைகளை அப்பால் அனுப்புவதும் அவசியம். அடிபட்டுக் குழிந்த இடங்களைச் செதுக்கிச் சமப்படுத்த வேண்டியதில்லை. துப்பாக்கிக் கட்டைக்குச் செய்வதுபோல், குழியின்மேல் ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சற்று அழுத்தினால், ஆவி உள்ளே புகுந்து, நசுங்கிக் கிடந்த மர இழைகள் விம்மி எழுந்து தம் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். இதைக் கண்ணால் காண்பவர்களுக்கு மரம் உயிருள்ள பொருள் என்ற எண்ணம் தானாகவே உண்டாகும். பின்னர் முழுப் பரப்பையும் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துக் காய விட்டால், கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருந்த சிலும்புகள் எழுந்து நிற்கும். அவற்றை நுண்ணிய உப்புத்தாளால் நீக்கிவிட வேண்டும். தேக்குக்கு மாத்திரம் இன்னொரு காரியம் உண்டு: அதன் இயற்கையான எண்ணெய்ப் பசை ஆளிவிதை எண்ணெய் உலர்வதைத் தடுக்குமாதலால், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, உடனே முதற்பூச்சைத் தொடங்க வேண்டும்.

முதற்பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சமபாகம். மரம் குடிக்கும் மட்டும் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து, குடிக்காமல் மேலே நிற்பதையெல்லாம் துணியால் ஒற்றித் துடைத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பில்தான் பலர் தவறுகிறார்கள். அதிகம் விட்டால் அதிக மெருகு என்று எண்ணி எண்ணெயை நிற்க விடுகிறார்கள். மேற்பரப்பு மட்டும் தோலாகச் சுருங்கி, உள்ளே பிசுபிசுத்து, மாதக் கணக்கில் கையில் ஒட்டும் அந்தக் கதவைப் பார்த்து, எண்ணெயே உதவாது என்ற தீர்மானத்துக்கும் வந்துவிடுகிறார்கள். மறுபூச்சுகளுக்கு டர்பன்டைன் வேண்டியதில்லை. உள்ளங்கையில் சில துளிகளே எடுத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால், தோலுக்கும் மரத்துக்கும் இடையே வெப்பம் உணரப்படும் வரையில் தேய்க்க வேண்டும். அந்த வெப்பத்தில் எண்ணெய் இளகி, தூரிகையால் சென்றடைய முடியாத நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் நன்றாக உலர வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். இரண்டாம், மூன்றாம் பூச்சு வரையில் பெரிதாக எதுவும் தோன்றாது. அதற்கப்பால் ஒரு காலைப் பொழுதில், சாய்ந்து விழும் வெளிச்சத்தில், கதவின் ரேகைகள் ஆழத்திலிருந்து எழுந்து காட்சி தரும். வீட்டுப் பெரியவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் அவ்வழியே செல்ல மாட்டார்கள்.

ஒரு அபாயத்தை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆளிவிதை எண்ணெய் பிராணவாயுவை உட்கொள்ளும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. கதவின் பரப்பில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். எண்ணெயில் நனைந்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே பெருகிப் பெருகி, தீக்குச்சியின் துணையே இல்லாமல் அவை தாமாகப் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில், மரப் பலகைகளைப் புதுக்கிய வேலையாட்கள் விட்டுச் சென்ற இத்தகைய கந்தல்களிலிருந்து 1991 பிப்ரவரி 23ஆம் நாள் இரவு மூண்ட தீ, 22ஆம் மாடியில் தொடங்கி, மறுநாளும் எரிந்து, தீயணைப்பு வீரர் மூவரின் உயிரைக் குடித்தது. மேல் மாடி ஒன்றில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களே இறுதியில் அதைத் தடுத்து நிறுத்தின. அத்தனை பெரிய மாளிகைக்கு நேர்ந்தது, ஓலைப் பெட்டி முடையும் கைத்தொழிலுக்காக மூலையெல்லாம் காய்ந்த பனையோலை அடுக்கி வைத்திருக்கும் ஒரு மணப்பாட்டு வீட்டுக்கு நேர எவ்வளவு நேரம் ஆகும்? வேலை முடிந்ததும் ஒவ்வொரு கந்தலையும் தண்ணீரில் நனைத்து, திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காய வைக்க வேண்டும். முற்றிலும் விறைத்த பிறகுதான் அதைக் குப்பையில் சேர்க்கலாம்.

எதிர்வாதத்தையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைத் தடுப்பதில் ஆளிவிதை எண்ணெய் வார்னிஷுக்கு ஈடாகாது; இது அமெரிக்க அரசின் மாடிசன் நகரத்து வனப்பொருள் ஆராய்ச்சிக் கூடம் சோதித்துச் சொன்ன உண்மை. நிழலற்ற வெயிலும் நேரடி மழையும் படும் கதவுக்கு எண்ணெய் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேண்டியிருக்கும்; காற்றோட்டம் இல்லாத அறையில் பூஞ்சையும் பிடிக்கக்கூடும். வார்னிஷ் பூசினால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்பதும் வாஸ்தவமே. ஆனால், அந்தச் சில ஆண்டுகள் கழிந்து அது உரியத் தொடங்கும் நாளில், ஓரிடத்தில் தொட்டுச் சரிசெய்ய முடியாது; முழுதும் சுரண்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் செலவுக்கும் சிரமத்துக்கும் அஞ்சி, உரிந்ததன்மேலேயே மற்றொரு பூச்சை ஏற்றுவதுதான் நடைமுறையில் எங்கும் நிகழ்கிறது. நான் கண்ட கதவின் கீழ்ச்சட்டம் அவ்வாறு அழிந்ததே. எண்ணெயோ மெல்லத் தேய்ந்து, நிறம் வெளுத்து, தன் குறையைத் தானே வெளியே காட்டும். அன்று மாலையே ஒரு கை எண்ணெயால் அதைத் தீர்த்துவிடலாம். மரத்தில் நேரும் கேட்டை மறைக்காத பூச்சே நல்ல பூச்சு என்ற முடிவுக்கு நான் வந்திருப்பது இதனால்தான்.

இன்னொரு வரம்பையும் வகுத்துவிட வேண்டும். நான் சொல்வதெல்லாம் நாள்தோறும் கை படும் கதவு, சன்னல், நாற்காலி, பெட்டகம் இவற்றுக்கே. புனித சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்த காலத்திலிருந்து வேரூன்றிய வழிபாட்டு மரபில் வந்த பழைய மரச் சொரூபங்களுக்கும், வண்ணம் தீட்டிய பீட வேலைப்பாடுகளுக்கும் பக்தி மேலீட்டால் எவரும் எண்ணெய் தொட்டுவிடக் கூடாது. இறுகிய ஆளிவிதை எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. காலப்போக்கில் அது கறுக்கவும் செய்யும். அருங்காட்சியகத்தார் அதை விலக்குவது இதற்காகவே. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 அளவிலேயே செப்புத் திருமேனிகளைக் காக்க ரசாயனக் கூடம் அமைத்த நாடு இது. அத்தகைய வல்லுநர்களை அழைத்துக் கேட்பது ஆலய நிர்வாகங்களுக்கு அரிய காரியம் அன்று.

செட்டிநாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் அஞ்சுவது எதை என்று விளங்கும். பர்மாத் தேக்கில் இழைத்த எத்தனையோ கதவுகளும் தூண்களும், வாரிசுகள் பல ஊர்களில் சிதறி, வீடு பராமரிப்பின்றிப் பாழான பிறகு, கழற்றப்பட்டு, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலை கூறப்பட்டு, எங்கெங்கோ உள்ள உணவு விடுதிகளின் அலங்காரமாயின. கதவு விலை போவதற்கு முன் அதன் மதிப்பு வீட்டாரின் கண்ணிலிருந்து மறைந்திருக்க வேண்டும். அதை மறைப்பதில் எனாமல் மிகச் சமர்த்தானது. ஐந்தாறு பூச்சுக்கு அடியில் கிடப்பது தேக்கா, பலாவா, வேம்பா என்று தெரியாமலே வளர்ந்த பேரனுக்கு, தரகர் சொல்லும் தொகை பெரிதாகத் தோன்றுவதில் வியப்பென்ன? தன் உள்ளங்கை சுடத் தேய்த்த கதவை மனிதர் எளிதில் விற்பதில்லை. மணப்பாட்டு வீடுகள் பலவற்றிலும் உரியவர்கள் தொலைதூரத்தில் இருக்க, ஆண்டில் சில நாட்களே கதவு திறக்கிறது. அந்தச் சில நாட்களில் வருகிறவர்கள் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடச் சிலாக்கியமானது எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்கமும் வியாபாரிகளும் செய்ய வேண்டியவையும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் பிரிவில் எண்ணெய்த் தேய்ப்பைக் கையால் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கத் தூத்துக்குடித் தோணித்துறையில் இன்னும் இருக்கும் ஓடாவிகளை அழைத்து, மரியாதையோடு ஊதியமும் கொடுத்து அமர்த்திக்கொள்ள வேண்டும். ஆளிவிதையை உடலுக்கு நல்லதென்று தூள் தூளாக விற்கும் கடைகள் பெருகிவிட்ட இந்நாளில், அதன் பச்சை எண்ணெயைத் தச்சு வேலைக்கென்று சிறு புட்டிகளில் வைக்கும் சாயக்கடை இம்மாவட்டத்தில் அரிதாக இருக்க வேண்டியதில்லை. கந்தல் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை அந்தப் புட்டியின்மேல் தமிழில், கண்ணில் படும் எழுத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

காலத்தையும் கருத வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும்போது ஈர எண்ணெய்மேல் அது படிந்தால் மீண்டும் சுரண்டுவதன்றி வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணெய் உலராது. மாசி முதல் சித்திரை வரையில் உள்ள நாட்களே இக்கரைக்கு உகந்தவை. செப்டம்பர் திருவிழாவுக்குக் கதவு மெருகோடு விளங்க வேண்டுமானால் வேலையை அப்போதே முடித்துவிட வேண்டும். இவ்வாண்டு அக்காலம் கடந்துவிட்டதே என்று எண்ணுகிறவர்கள், எனாமல் வாளியைத் திறக்காமல் இருந்தாலே போதும். உள்ளறைச் சன்னல் கதவு ஒன்றை மட்டும் கழற்றி, காற்றடிக்காத கூடத்தில் கிடத்தி, சுரண்டி, எண்ணெய் தேய்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். வாசற்கதவு மாசிக்கு இருக்கட்டும்.